எலியிடம் கேள்வி கேட்கக் கற்ற கதை

1930களின் பிற்பகுதி. ஜெர்மனியில் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனத்தின் ஹோக்ஸ்ட் ஆய்வகத்தில் வயிற்றுப் பிடிப்புக்கு மருந்து தேடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டோ ஐஸ்லெப் என்ற வேதியியலாளர் தயாரித்த ஒரு பொருளை ஓட்டோ ஷௌமன் சுண்டெலிகளுக்கு ஊசி போட்டுப் பார்த்தார். சற்று நேரத்தில் அவற்றின் வால் விறைத்து, முதுகுக்கு மேலே வளைந்து நின்றது. மார்ஃபின் கொடுத்த சுண்டெலியின் வால் இப்படித்தான் நிற்கும் என்பதை வால்ட்டர் ஷ்ட்ரௌப் 1911லேயே கவனித்திருந்தார். வயிற்றுக்காகத் தேடிய மருந்து மார்ஃபினுக்குப் பங்காளி என்று அந்த வால் காட்டிக்கொடுத்தது. 1939இல் அது வலி மருந்தாக வெளிவந்தது. நம் ஆஸ்பத்திரிகளில் பெத்திடின் ஊசி என்கிறார்களே, அதுதான்.

உறவு தெரிந்த பிறகும், மார்ஃபினைப் போல இது ஆளை அடிமையாக்காது என்ற நம்பிக்கையோடுதான் பெத்திடின் மருத்துவர்களின் கைக்கு வந்தது. அந்த நம்பிக்கைக்கு ஆயுள் குறைவு. அமெரிக்க ஆய்வாளர் கிளிஃப்டன் ஹிம்மல்ஸ்பாக் 1942இல் வெளியிட்ட ஆய்வு, இதுவும் அடிமையாக்கும் என்று காட்டியது.

இது முதல் ஏமாற்றம் அல்ல. 1898இல் பேயர் நிறுவனம் ஹெராயினை இருமலுக்கு மருந்தாக விற்கத் தொடங்கியபோதும் இதே நம்பிக்கைதான். இருமல் அடங்குகிறதா, மூச்சு சீராக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தார்கள். கடைசியில் 1924இல் அமெரிக்கா ஹெராயின் தயாரிப்பையே தடை செய்யவேண்டி வந்தது. இரண்டு மருந்திலும் சறுக்கியது ஒரே இடத்தில்தான். மருந்து உடலுக்கு என்ன செய்கிறது என்று அளக்கத் தெரிந்திருந்தது. அதை வாங்கிக்கொண்ட உயிருக்கு அது எப்படி இருக்கிறது, இன்னொரு முறை கிடைத்தால் அது வாங்கிக்கொள்ளுமா என்று அளக்கத் தெரியவில்லை. எலிக்கு வால் இருந்தது, வாய் இல்லை. அந்த வாய் எப்படி வந்தது என்பதுதான் இந்தக் கதை.

சிறைக்குள் ஒரு ஆய்வுக்கூடம்

மிருகத்திடம் கேட்க முடியாது என்றால் மனிதரிடம் கேட்கலாம். 1935இல் அமெரிக்க அரசு கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் ‘நார்கோட்டிக் ஃபார்ம்’ என்ற ஒன்றைத் திறந்தது. பாதி சிறை, பாதி ஆஸ்பத்திரி, சுற்றிலும் பண்ணை நிலம். போதைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களும், பழக்கத்தை விட வேண்டும் என்று தாமாக வந்தவர்களும் அங்கே இருந்தார்கள். பின்னாளில் ‘அடிக்‌ஷன் ரிசர்ச் சென்டர்’ என்று பெயர் பெற்ற ஆய்வுக்கூடமும் அதற்குள்ளேயே இயங்கியது. ஹிம்மல்ஸ்பாக் அங்கே வேலை பார்த்தவர்தான்.

அவருடைய முறை எளிமையானது. மார்ஃபினுக்குப் பழகிய ஒருவருக்கு மார்ஃபினை நிறுத்திவிட்டுப் புது மருந்தைக் கொடுப்பது. கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், வியர்வை, மயிர்க்கூச்செறிதல் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போடுவது. மார்ஃபினை நிறுத்தினால் வரும் இந்த உபாதை தலைகாட்டாவிட்டால் புது மருந்து மார்ஃபினின் இடத்தைப் பிடித்துவிட்டது என்று பொருள்.

1960களின் தொடக்கத்தில் அங்கே இன்னொரு முறையும் வந்தது. ஒரே ஒரு வேளை மருந்து கொடுத்துவிட்டு, ஒரு சிறு வினாத்தாளை நீட்டுவார்கள். மருந்து ஏறியது தெரிகிறதா? இது எதைப் போல இருக்கிறது? எவ்வளவு பிடித்திருக்கிறது? பல போதைகளை ருசி பார்த்தவர்கள் என்பதால் பதில்கள் கூர்மையாக வந்தன. மாற்றிக்கொடுத்த மருந்தையும், மருந்தே இல்லாத வெறும் ஊசியையும் அவர்கள் பிரித்துச் சொன்னார்கள்.

முறை நன்றாகத்தான் இருந்தது. ஆட்கள் யார் என்பதில்தான் சிக்கல். அடைபட்டிருக்கும் மனிதர் தருகிற சம்மதம் எவ்வளவு சுதந்திரமானது? சோதனைக்கு உடன்பட்டவர்களுக்குக் கூலியாகப் போதைமருந்தே தரப்பட்டது என்பது 1975இல் செனட் விசாரணையில் பேசப்பட்டது. அடுத்த ஆண்டு லெக்சிங்டனில் கைதிகள் மீதான சோதனை முடிவுக்கு வந்தது. அதற்குள் அந்த வினாத்தாளின் இரண்டு முக்கியமான கேள்விகளுக்கு எலி பதில் சொல்லக் கற்றிருந்தது.

முதல் கேள்வி: வேண்டுமா?

போதைக்கு அடிமையாவது மனிதருக்கு மட்டுமே உரிய கோளாறு என்று பலர் நம்பிய காலம் ஒன்று இருந்தது. அதை அசைத்தது ஃப்ளோரிடாவின் ஆரஞ்சு பார்க்கில் யேல் பல்கலைக்கழகம் நடத்திய சிம்பன்சி ஆய்வகம். அங்கே எஸ்.டி.எஸ். ஸ்ப்ராக் சிம்பன்சிகளுக்கு மார்ஃபின் பழக்கினார். பிறகு இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றில் வாழைப்பழம், மற்றதில் ஊசி. மருந்து வேளை தப்பிய சிம்பன்சி ஊசிப் பெட்டியைத் திறந்தது. மருந்து கிடைத்து அடங்கிய பிறகு அதே சிம்பன்சி பழத்தை எடுத்தது. இது 1940இல் வெளியானது. ஊசியை மட்டும் இன்னும் மனிதர்தான் போடவேண்டியிருந்தது.

ஊசியையும் மிருகத்தின் கையிலேயே கொடுத்தவர் ஜேம்ஸ் வீக்ஸ். மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரில் அப்ஜான் மருந்து நிறுவனத்தில் வேலை பார்த்தவர். லீவரை அழுத்தினால் தீனி விழும் ஸ்கின்னர் பெட்டி அப்போது ஆய்வகங்களில் சாதாரணம். தீனிக்குப் பதிலாக மருந்து விழவேண்டும். அதுவும் எலியின் ரத்தத்துக்குள், எலியைக் கட்டிப்போடாமல், நாள்கணக்கில்.

வீக்ஸ் எலியின் கழுத்துச் சிரைக்குள் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகி, தோலுக்கடியில் முதுகுப் பக்கம் கொண்டுவந்தார். முதுகில் ஒரு சின்னச் சேணம். அங்கிருந்து குழாய் கூண்டின் மேலே ஏறி, எலி எப்படிச் சுற்றினாலும் முறுக்கிக்கொள்ளாத சுழல் இணைப்பு ஒன்றின் வழியாக மோட்டார் பம்புக்குப் போனது. லீவரை அழுத்தினால் பம்பு ஓடும், மார்ஃபின் இதயத்துக்கு அருகே போய்ச் சேரும். முதலில் இயந்திரமே மணிக்கணக்கு வைத்து ஊசி போட்டு எலிகளை மார்ஃபினுக்குப் பழக்கியது. பிறகு பொறுப்பு எலியிடம் விடப்பட்டது. எலிகள் அழுத்தின. ஒவ்வொரு ஊசியின் அளவைக் குறைத்தபோது அடிக்கடி அழுத்திக் குறையை ஈடுகட்டின. 1962இல் ‘சயன்ஸ்’ இதழில் இரண்டே பக்கத்தில் இந்த முறை அச்சானது. அந்தச் சுழல் இணைப்பும் சேணமும் இல்லையென்றால் பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகள் இல்லை.

வீக்ஸின் எலிகள் ஏற்கனவே அடிமையானவை. உபாதையைத் தவிர்க்கத்தானே அழுத்துகின்றன என்று யாரும் சொல்லலாம். அடுத்த சில ஆண்டுகளில் அந்த வாதமும் விழுந்தது. எந்தப் பழக்கமும் இல்லாத குரங்குகளும் எலிகளும் தாமாகவே அழுத்தக் கற்றன. 1968இல் பிக்கன்ஸ், தாம்சன் இருவரும் எலிகள் கொக்கெய்னுக்காக அழுத்துவதைக் காட்டினார்கள். மார்ஃபினை நிறுத்தினால் வருவது போன்ற கடுமையான உடல் உபாதை கொக்கெய்னில் இல்லை. ஆக, உபாதைக்குப் பயந்துதான் போதையைத் தேடுகிறார்கள் என்ற பழைய விளக்கம் போதாமல் போனது.

1969இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெனோ, யனகிட்டா, சீவர்ஸ் மூவரும் குரங்குகளுக்கு ஒரு வரிசை மருந்துகளை வைத்துப் பார்த்து முடிவை வெளியிட்டார்கள். மார்ஃபின், கோடீன், கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின், பென்டோபார்பிட்டால், சாராயம் இவற்றைக் குரங்குகள் தாமே ஏற்றிக்கொண்டன. குளோர்ப்ரோமசின் என்ற மனநோய் மருந்தையும், மாயத்தோற்றம் காட்டும் மெஸ்கலினையும் சீண்டவில்லை. தெருவில் விலைபோகும் சரக்கு எது, போகாதது எது என்ற பட்டியலோடு இந்தப் பட்டியல் ஏறக்குறைய ஒத்துப்போனது. கூண்டு மிருகத்தின் பதிலை நம்பலாம் என்ற தைரியம் இதிலிருந்துதான் வந்தது.

வேண்டும் என்று தெரிந்தால் போதாது, எவ்வளவு வேண்டும் என்றும் தெரியவேண்டும். அழுத்தும் வேகத்தை வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. ஒரு ஊசியின் அளவு கூடினால் எலி மெதுவாக அழுத்தும், ஏனென்றால் ஒன்றே நெடுநேரம் தாங்குகிறது. இதற்கு வழி வேறொரு மூலையிலிருந்து வந்தது. வில்லியம் ஹோடோஸ் 1961இல் எலிகளுக்கு இனிப்புப் பாலை வைத்து ஒரு சோதனை செய்திருந்தார். ஒவ்வொரு வாய்ப் பாலுக்கும் முன்னதைவிட அதிக அழுத்தல் தேவை. ஏலம்போல விலை ஏறிக்கொண்டே போகும். எந்த எண்ணிக்கையில் எலி கைவிடுகிறதோ அதுதான் அந்தப் பண்டத்துக்கு எலி வைக்கும் மதிப்பு. போதைமருந்துகளை ஒன்றோடொன்று ஒப்பிட இன்றைக்கும் இதுதான் கைகொடுக்கிறது.

இரண்டாம் கேள்வி: எதைப் போல இருக்கிறது?

பிடித்திருக்கிறதா என்று கேட்பதைவிட இது கடினம். எலியின் உள்ளுக்குள் என்ன நடக்கிறது என்பதை எலியே பெயர் சொல்லி அடையாளம் காட்டவேண்டும்.

இதன் வேர் நினைவாற்றல் ஆய்வில் இருக்கிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் ஓவர்டன் எலிகளுக்குப் பென்டோபார்பிட்டால் கொடுத்து, அந்த மயக்கத்திலேயே வழி கண்டுபிடிக்கப் பழக்கினார். மருந்தில்லாதபோது அவை கற்ற வழி நினைவுக்கு வரவில்லை, மருந்து கொடுத்ததும் வந்தது. மருந்து ஏறியிருந்தால் ஒரு பக்கம், ஏறாவிட்டால் மறுபக்கம் என்று திரும்பவும் அவை கற்றன. 1964இல் ஓவர்டன் இதை வெளியிட்டார். நினைவைப் பற்றிய ஆய்வுதான். ஆனால் அதில் வேறொன்று ஒளிந்திருந்தது. எந்தப் பக்கம் போவது என்று எலிக்குச் சொன்னது வெளியில் இருந்த விளக்கோ மணியோ அல்ல, தன் உடலுக்குள் மருந்து இருக்கும் உணர்வு.

பெல்ஜியத்தின் பேர்ஸ ஊரில் இருந்த ஜான்சன் ஆய்வகத்தில் ஃபிரான்சிஸ் கோல்பார்ட் இதைக் கருவியாகவே மாற்றினார். மார்ஃபின் வகை வலி மருந்தான ஃபென்டனில் அந்த ஆய்வகத்தில் பிறந்தது. ஃபென்டனில் போட்ட நாளில் ஒரு லீவரைப் பத்து முறை அழுத்தினால்தான் தீனி. வெறும் உப்புநீர் போட்ட நாளில் மற்ற லீவர். இப்படி வாரக்கணக்கில் பழகிய எலிக்கு ஒரு நாள் அது அறியாத புது மருந்தைப் போட்டு, எந்த லீவருக்குப் போகிறது என்று பார்ப்பார்கள். ஃபென்டனில் லீவருக்குப் போனால், “நீ பழக்கிய அந்த மருந்தைப் போலத்தான் இருக்கிறது” என்று எலி சொல்கிறது. 1975இல் கோல்பார்ட் குழு வெளியிட்ட கட்டுரை, உள்ளே உணரப்படும் போதை விளைவை ஆராயும் கருவி இது என்று தலைப்பிலேயே சொன்னது. எலிக்கு அகவுணர்வு உண்டு என்று ஒரு மருந்தியல் கட்டுரையில் எழுத அன்று துணிச்சல் வேண்டும்.

இங்கே லீவர் விருப்பத்தைக் காட்டுவதில்லை. இரண்டு பக்கமும் கிடைப்பது தீனிதான், மருந்து அல்ல. எலி சொல்வது அடையாளம் மட்டுமே. அதனால்தான் முதல் கேள்விக்குச் சிக்காத மருந்துகள் இங்கே சிக்குகின்றன. மாயத்தோற்றம் காட்டும் எல்.எஸ்.டி.க்காக எந்த எலியும் லீவரை விடாமல் அழுத்துவதில்லை. ஆனால் எல்.எஸ்.டி. ஏறியிருக்கிறதா என்று அது தவறாமல் சொல்லும்.

இதிலும் எலியின் சாமர்த்தியத்துக்கு முன் மனிதர் ஏமாந்த இடம் உண்டு. ஒரே பெட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக எலிகளை விடும்போது, முந்தைய எலி எந்த லீவரில் வாசனையை விட்டுச்சென்றதோ அதை மோப்பம் பிடித்துப் பின்னால் வரும் எலி விடை சொல்லிவிடுகிறது என்று 1981இல் கண்டுபிடித்தார்கள். அதிலிருந்து லீவரைத் துடைப்பதும், எலிகளின் வரிசையைக் கலைப்பதும் இந்த வேலையின் பகுதியாயின.

சட்டம் எலியைக் கூப்பிடுகிறது

1970இல் அமெரிக்கா கட்டுப்பாட்டு மருந்துகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. போதையாக மாறக்கூடிய மருந்துகளை ஐந்து பிரிவுகளாகப் பிரித்து, எதை எங்கே வைப்பது என்று முடிவெடுக்க எட்டு அளவுகோல்களையும் வகுத்தது. மூளையில் வேலை செய்யும் புது மருந்து ஒவ்வொன்றும் இந்தக் கேள்வியைத் தாண்டியே கடைக்கு வரவேண்டும் என்ற நிலை வந்தபோது, ஆய்வகத்து எலி சாட்சிக்கூண்டில் ஏறியது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்த இரண்டு சோதனைகளும், மருந்து கிடைத்த அறையில் எலி மீண்டும் போய் நிற்கிறதா என்று பார்க்கும் மூன்றாவது சோதனையும் இடம்பெற்றன.

சாட்சி வாய் திறக்கக்கூடாது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1980இல் சிகரெட் நிறுவனமான பிலிப் மாரிஸ், விக்டர் டிநோபிள் என்ற ஆய்வாளரை வேலைக்கு எடுத்தது. வர்ஜீனியாவின் ரிச்மண்டில் அவருடைய எலிகள் நிகோடினுக்காக லீவரை அழுத்தின. 1983இல் அதை எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார், நிறுவனம் திரும்பப் பெறவைத்தது. அடுத்த ஆண்டு ஆய்வகமே மூடப்பட்டது. 1989இல் கனடாவின் டொராண்டோவில் காரிகல், கோயன் இருவரும் இதையே தனியாகக் காட்டி வெளியிட்டார்கள். 1994 ஏப்ரலில் ஏழு சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிகோடின் அடிமையாக்காது என்று சத்தியம் செய்தார்கள். இரண்டு வாரம் கழித்து, அதே மாதத்தில், டிநோபிள் அங்கே வந்து தன் எலிகள் என்ன செய்தன என்று சொன்னார்.

எலி சொல்லாதவை

இத்தனைக்குப் பிறகும், எலி சொல்வது கேட்ட கேள்விக்கான பதிலைத்தான். கேள்வி குறுகினால் பதிலும் குறுகும்.

லிசுரைடு என்ற மருந்து இதற்கு நல்ல சான்று. நடுக்குவாதத்துக்குக் கொடுப்பார்கள், எல்.எஸ்.டி.யைப் போல மாயத்தோற்றம் காட்டும் போதைப்பொருள் அல்ல. ஆனால் எல்.எஸ்.டி.க்குப் பழக்கிய எலிகள் லிசுரைடு போட்டதும் எல்.எஸ்.டி. லீவருக்கே போயின. எலி தவறு செய்துவிட்டதா? 1990இல் காலஹன், அப்பெல் இருவரும் மூன்றாவது லீவர் ஒன்றை வைத்துப் பழக்கினார்கள். எல்.எஸ்.டி. ஒன்றுக்கு, லிசுரைடு ஒன்றுக்கு, உப்புநீர் ஒன்றுக்கு. எலிகள் மூன்றையும் பிரித்துக் காட்டின. முதலில் அவற்றுக்கு வேறுபாடு தெரியாமல் இல்லை, சொல்ல இடம்தான் இல்லை.

முதல் கேள்விக்கும் இதே கதி. லீவர் ஒன்றுதான், அதில் கொக்கெய்ன்தான் என்றால் எலி கொக்கெய்னை அழுத்தும். 2007இல் பிரான்சின் போர்தோவில் செர்ஜ் அகமது குழுவினர் இரண்டாவது லீவரில் சாக்கரின் கலந்த தண்ணீரை வைத்தார்கள். 94 சதவீத எலிகள் கொக்கெய்னை விட்டுவிட்டு இனிப்புக்குப் போயின. லெக்சிங்டன் ஆய்வுக்கூடம் பின்னாளில் பால்டிமோருக்கு இடம்மாறி, தேசியப் போதை ஆய்வு நிறுவனத்தின் பகுதியானது. அதே பால்டிமோரிலிருந்து 2018இல் மார்க்கோ வென்னிரோ, யாவின் ஷாஹம் குழுவினர் இன்னொன்றை வெளியிட்டார்கள். ஒரு லீவருக்கு மெத்தாம்ஃபெட்டமின், மற்றதற்குக் கதவு திறந்து இன்னொரு எலி. போதைக்கு நன்றாகப் பழகியிருந்த எலிகளும் பெரும்பாலும் தோழமையைத்தான் தேர்ந்தெடுத்தன.

மருந்தின் வேதியியலும் சோதனையை ஏய்க்கும். ட்ரமடால் என்ற வலி மருந்து கல்லீரலில் வேறொரு பொருளாக மாறிய பிறகுதான் ஓபியத்தின் குணத்தை வலுவாகக் காட்டும். ஊசி போட்ட கையோடு என்ன நடக்கிறது என்று பார்க்கும் முறையில் அது சாதுவாகத் தெரியும். 1995இல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அது கட்டுப்பாட்டுச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் சேர்க்கப்படவில்லை. பிரிவில் சேர்த்தது 2014இல். இந்தியாவில் 2018இல்தான் அது போதைமருந்துச் சட்டத்துக்குள் வந்தது. அதன் உறவினரான டபென்டடாலை அமெரிக்கா 2009இல், விற்பனைக்கு வருமுன்பே, மருத்துவப் பயனுள்ள மருந்துகளுக்கான மிகக் கடுமையான பிரிவில் போட்டுவிட்டது. மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொண்ட இளைஞர்கள் பற்றித் தமிழ்நாட்டு நாளிதழ்களில் வரும் செய்திகளில் அடிபடும் பெயர் இந்த டபென்டடால்தான்.

அதனால் எலிக்குப் பிறகும் மனிதர் தேவைப்படுகிறார்கள். சிறைக்கைதிகள் அல்ல, முழுச் சம்மதத்தோடு வரும், போதையை முன்பே அறிந்தவர்கள். பூஜ்யம் முதல் நூறு வரை ஒரு கோட்டைக் காட்டி, இந்த மருந்து இப்போது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று கேட்கிறார்கள். ஐம்பது என்றால் பிடிக்கவும் இல்லை, பிடிக்காமலும் இல்லை. சுவோரெக்சன்ட் என்ற தூக்க மருந்தைக் குரங்குகள் தேடி அழுத்தவில்லை. மனிதர்களோ, ஏற்கனவே கட்டுப்பாட்டில் இருந்த சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை அளவுக்குப் பிடித்திருக்கிறது என்றார்கள். 2014இல் அதுவும் கட்டுப்பாட்டுக்குள் போனது.

இவ்வளவு ஓட்டைகள் இருக்கும்போது ஒற்றை லீவர் கூண்டை இன்னும் ஏன் வைத்திருக்கிறார்கள்? ஒரு மருந்தைச் சந்தைக்கு விடலாமா என்று தீர்மானிக்க அதுவே சரியான கேள்வி. வேறு எந்த இன்பமும் அருகில் இல்லாத ஓர் உயிரின் கையில் இந்த மருந்து கிடைத்தால் என்ன ஆகும் என்பதைச் சட்டம் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும். அப்படி வாழும் மனிதர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தவறு நேர்வது அந்தக் கூண்டின் பதிலை எடுத்து, மருந்தைத் தொட்டவர் எல்லோரும் இப்படித்தான் ஆவார்கள் என்று பொதுவிதியாக ஓதும்போது. மருந்தைச் சோதிக்கப் பிறந்த கருவி அது. மனிதர் ஏன் போதையில் விழுகிறார், எப்படி எழுகிறார் என்று கேட்க வேண்டுமானால் இரண்டாவது லீவரையும் இன்னொரு எலியையும் உள்ளே வைத்துத்தான் கேட்கவேண்டும். எலிகள் அதற்கும் பதில் சொல்கின்றன. கேட்பவர்கள் இப்போதுதான் கூடி வருகிறார்கள்.